சீவச் சீவ உடையும் பென்சில்: பள்ளிப் பிள்ளைக்கு எதை வாங்குவது?

கேள்வி – இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா

வாரத்துக்கு மூன்று பென்சில் போகிறது. சீவினால் முனை வரும். நோட்டில் வைத்ததும் லெட் துண்டாகக் கழன்று விழும். எழுத்தும் அழுத்தமாகப் பதிந்து அடுத்த பக்கம் வரை தடம் விழுகிறது. “எக்ஸ்ட்ரா டார்க்” வாங்கினால் சரியாகுமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

எழுதுபொருள் கடைக்காரர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. லெட் உடைவதை மட்டும் நான் சொல்கிறேன்.

சீவாத பென்சிலின் இரண்டு முனையையும் பாருங்கள். கறுப்புப் புள்ளி நட்டநடுவில் இருக்க வேண்டும். சாதாரண எச்பி பென்சிலில் லெட்டின் கனம் 2 மி.மீ. அளவுதான், மரத்தோடு சேர்த்து மொத்தம் 7 மி.மீ. இந்தக் கணக்கில் லெட் அரை மி.மீ. ஒதுங்கினாலே சீவும்போது ஒரு பக்கம் மரம் கூர்வரை ஏறி நிற்கும், மறுபக்கம் லெட் பிடிப்பில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். எழுதும்போது மரம் காகிதத்தில் உரசும். பிள்ளை மறுபடி சீவும், மறுபடி உடையும். இப்படித்தான் முழுப் பென்சிலும் இரண்டு நாளில் டப்பாவில் தூளாகக் கிடக்கிறது.

அடுத்து ஒட்டு. பென்சிலை ஒரே மரத்தைத் துளைத்துச் செய்வதில்லை. காடி வெட்டிய இரண்டு பலகைகளுக்கு நடுவே லெட்டை அடுக்கி, பசை போட்டு அழுத்தி, காய்ந்தபின் தனித்தனியாக அறுக்கிறார்கள். அதனால் முனையில் மெல்லிய ஒட்டுக்கோடு தெரிவது இயல்பு. லெட்டைச் சுற்றி ஊசி நுழையும் அளவு சந்து தெரிந்தால் வேண்டாம். பெட்டியில் “பாண்டட் லெட்” என்று போட்டிருந்தால் லெட் மரத்தோடு நீளம் முழுக்க ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒட்டாத பென்சில் சிமெண்டுத் தரையில் ஒருமுறை விழுந்தால் போதும், உள்ளே மூன்று நான்கு இடத்தில் முறிந்துவிடும். வெளியே ஒரு கீறல் தெரியாது. வகுப்பில் மேசையிலிருந்து நாளைக்கு எத்தனை முறை உருண்டு விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள்! உருளை வடிவைவிட அறுகோணமும் முக்கோணமும் நல்லது என்பது இதனால்தான்.

மரத்தை அறிய ஒன்றைச் சீவித்தான் பார்க்க வேண்டும். சீவல் விசிறிபோல விரிந்து ஒரே நாடாவாக வந்தால் மரம் மென்மை, நார் நேராக ஓடுகிறது. பொடியாக உதிர்ந்தால், அல்லது ஷார்ப்னர் ஓரிடத்தில் இறுகி அடுத்த இடத்தில் வழுக்கினால், நார் குறுக்கே ஓடுகிறது. நம் நாட்டுப் பென்சில்களுக்குப் பெரும்பகுதி மரம் காஷ்மீரத்துப் பாப்ளர். புல்வாமா மாவட்டத்து உக்கூ கிராமத்தில் இதற்கான பலகைகளை அறுத்து அனுப்புகிறார்கள். அந்த மரம் நன்றாகக் காய்ந்திருந்தால் வெண்ணெய்போலச் சீவ வரும். சரியாகக் காயாத மரம் பிற்பாடு வளையும். கண்ணாடி மேசையில் உருட்டினால் வளைந்த பென்சில் தத்தித் தத்திப் போகும்.

லேசாக வளைத்தால் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பென்சில்களைச் சின்னப் பிள்ளைக்கு வாங்காதீர்கள். கோடு மங்கலாக விழுவதால் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். பழைய செய்தித்தாளைச் சுற்றிச் செய்வதில் நல்லதும் உண்டு, ஆனால் ஷார்ப்னர் கூர்மையாக இல்லாவிட்டால் தாள் பிசிறு பிசிறாகக் கிழியும்.

பத்து உள்ள பெட்டியை எடுத்த எடுப்பில் வாங்க வேண்டாம். உதிரியாக ஒன்றை வாங்கி, சீவி, ஒரு பக்கம் எழுதவிட்டு, பிறகு பெட்டி வாங்குங்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை

அழுத்தத்தைப் பற்றி. நோட்டின் பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவுங்கள். பிரெயில்போல மேடு தட்டினால் பிள்ளை தேவைக்கு மேல் அழுத்துகிறது. அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் காரணம், பென்சில் கடினமானது. லெட் என்பது கிராஃபைட் தூளும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795இல் பிரான்சில் கோந்தே என்பவர் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் அடிப்படை. களிமண் கூடினால் கடினம், கோடு மங்கல்: அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மை, கறுப்பு: அது பி வரிசை. நடுவில் எச்பி. கோடு மங்கலாக விழுந்தால் பிள்ளை கறுப்பாகத் தெரிவதற்காகவே அழுத்தும். இந்தப் பிள்ளைக்கு ஒரு படி மென்மையான பென்சில் கொடுத்தால் இரண்டு வாரத்தில் கை தளரும்.

இரண்டாவது, பழக்கம். மென்மையான 2பி கொடுத்தும் அதே அழுத்தம் என்றால் முனை நசுங்கும், பக்கம் முழுக்கக் கரி அப்பும். இந்தப் பிள்ளைக்கு எச்பியே சரி. பிடியைத்தான் கவனிக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு உள்ளே ஒடிந்து, நகம் வெளுத்திருந்தால் இறுக்கிப் பிடிக்கிறது என்று பொருள்.

“எக்ஸ்ட்ரா டார்க்” என்பது விளம்பரச் சொல். எத்தனை பி என்று பல பெட்டிகளில் இருக்காது. ஒரு நிறுவனத்தின் எச்பி இன்னொன்றின் பி அளவுக்குக் கறுப்பாக இருப்பதும் உண்டு. ஆகவே உங்கள் நோட்டிலேயே எழுதிப் பாருங்கள், அதுவும் தமிழில் எழுதிப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்தில் சுழி அதிகம். மென்மையான லெட் நாலைந்து வரியிலேயே மழுங்கிவிடும். மழுங்கிய முனையால் மூன்று சுழி ‘ண’ எழுதினால் சுழிகள் அடைபட்டு இரண்டு சுழி ‘ன’போலத் தெரியும். ‘ஐ’யும் ‘ஜ’வும் கறுப்புப் பொட்டாகிவிடும். பிள்ளை சரியாகத்தான் எழுதியிருக்கும், திருத்துகிறவர் பிழை போடுவார். இரட்டைக் கோடு நோட்டுக்கு இடைவெளி குறைவு, அதில் எச்பி. கட்டம் போட்ட கணக்கு நோட்டுக்கும் எச்பி. 2பியை ஓவியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறப்புப் பயிற்சி ஆசிரியர்

மேலே சொன்னது ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு. மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 மி.மீ. கனமுள்ள முக்கோணப் பென்சில், மென்மையான தடித்த லெட். மூன்று பக்கத்திலும் மூன்று விரல் தானாகப் போய் உட்காரும். முழு நீளம் 17 செ.மீ.க்கு மேல், சின்னக் கையில் வால் கனத்துப் பின்னுக்கு இழுக்கும். பாதியாக அறுத்து இரண்டு பக்கமும் சீவிக் கொடுங்கள். ஆனால் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்ததைக் கொடுக்காதீர்கள், பிடி கோணலாகும்.

இடக்கைப் பிள்ளைக்கு 2பி வேண்டவே வேண்டாம். எழுதிய வரிமேலேயே கை நகர்வதால் உள்ளங்கை ஓரம் கறுத்து, நோட்டும் அழுக்காகும். இடக்கைக்கு என்று ஷார்ப்னர் தனியாக வருகிறது, கிடைத்தால் வாங்குங்கள்.

ஓவிய ஆசிரியர்

ஷார்ப்னரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பென்சில் மீது சொல்லும் குற்றத்தில் பாதி மழுங்கிய பிளேடின் குற்றம். பிளாஸ்டிக் உடலில் திருகு தளர்ந்து பிளேடு ஆடும். ஆடும் பிளேடு லெட்டைச் சீவாது, நெருடி முறிக்கும். உலோக உடல் ஷார்ப்னர் வாங்குங்கள். சீவல் நாடாவாக வருவது நின்றதும் மாற்றிவிடுங்கள்.

சீவும்போது பென்சிலை நேராக நுழைத்து, லேசாகத் தள்ளி, ஒரே திசையில் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் திருகுவதும், சாய்த்துப் பிடிப்பதும்தான் முனையை ஒடிக்கும். ஊசிமுனை வந்ததும் ஓரத்தாளில் இரண்டு கிறுக்கல் போட்டு முனையைக் கொஞ்சம் உருட்டிவிட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் எழுத்தில் முறிவது இதனால் நிற்கும்.

கேள்வி – அம்மா

நன்றி. கடித்துக் கடித்தே பென்சிலின் வாலைத் தின்றுவிடுகிறாள். ஈயம் உள்ளே போகுமா?

எழுதுபொருள் கடைக்காரர்

லெட் என்று பெயர்தான், உள்ளே ஈயம் கிடையாது. கிராஃபைட்டும் களிமண்ணும் மெழுகும்தான். கவலைப்பட வேண்டியது மேல் பூச்சைப் பற்றி. நகத்தால் கீறினால் செதில் செதிலாக உரியும் பூச்சு, பளபளக்கும் மினுக்கு, பழ வாசனை, இவை மூன்றும் கடிக்கிற பிள்ளைக்கு ஆகாது. வாசனை கடிக்கவே தூண்டும். வாலில் ரப்பர் வைத்ததும் வேண்டாம். கடித்தால் பிய்ந்து வாய்க்குள் போகும், நாளானால் இறுகி அழிப்பதற்குப் பதில் கறுப்புத் தீற்றலை விட்டுவிடும்.

ரப்பரைத் தனியாக, வெள்ளை வினைல் ரப்பராக வாங்குங்கள். அதன் அட்டை உறையை மட்டும் கழற்றாதீர்கள். உறையில்லாமல் பிளாஸ்டிக் டப்பாவில் வெயில் நாளில் கிடந்தால் ரப்பர் டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் பென்சிலின் பூச்சையும் இளக்கிவிடும்.