திருச்சி பயணத்துக்கு மூன்று வாரமே உள்ளது. மகளின் கடப்பிதழ் காலாவதியாகிவிட்டது

செங்காங்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் மைத்துனரின் திருமணம் அடுத்த மாதம் திருச்சியில் நடைபெறவிருக்கிறது. நான், மனைவி, ஏழு வயது மகள், என் தாயார் ஆகிய நால்வருக்கும் ஒரே முன்பதிவில் விமானச் சீட்டு எடுத்திருக்கிறோம். புறப்படுவதற்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. விசா விண்ணப்பத்துக்காகக் கடப்பிதழ்களை எடுத்துப் பார்த்தபோது மகளுடையது காலாவதியாகியிருப்பது தெரியவந்தது. தாயாருடையது இன்னும் நான்கு மாதம் செல்லும். நானும் தாயாரும் மகளும் சிங்கப்பூர்க் குடிமக்கள். என்னிடம் ஐந்தாண்டு மின்விசா இருக்கிறது. மனைவி இந்தியக் குடியுரிமை உள்ள நிரந்தரவாசி; அவருடைய கடப்பிதழுக்குப் பல ஆண்டுகள் மிச்சமிருப்பதால் அதில் சிக்கல் இல்லை.

இந்தியாவில் தட்கல் இருப்பதுபோல இங்கே கூடுதல் கட்டணம் செலுத்தி விரைவாகப் பெறும் வழி உண்டா? தாயார் இருக்கும் கடப்பிதழிலேயே பயணம் செய்ய முடியுமா? நேரத்தை மிச்சப்படுத்த, மகளின் மின்விசாவுக்குப் பழைய கடப்பிதழ் எண்ணைக் கொடுத்து இப்போதே விண்ணப்பித்து வைத்துவிட்டு, எண்ணைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது சரிதானா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அட்மிரல்ட்டி மலர்:

வணக்கம் அண்ணா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பணமும் நாளும் வீணாகும். பழைய எண்ணைக் கொடுத்து மின்விசா எடுக்கவே வேண்டாம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் புது எண் வருகிறது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் உயிரியளவுக் கடப்பிதழ் அறிமுகமாகும்வரை அடையாள அட்டை எண்ணே கடப்பிதழ் எண்ணாகவும் இருந்தது என்பதால், வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்னும் எண் மாறாது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மின்விசா அனுமதி குறிப்பிட்ட ஒரு கடப்பிதழ் எண்ணோடு பிணைக்கப்பட்டது. அதிலும் காலாவதியான கடப்பிதழைக் காட்டி விண்ணப்பித்தால் அது ஏற்கப்படாது, கட்டிய கட்டணமும் திரும்பி வராது.

அதனால் வேலைகளை ஒரே வரிசையில்தான் செய்ய முடியும்: முதலில் கடப்பிதழ், அது கைக்கு வந்த பிறகு மின்விசா, கடைசியாக விமான முன்பதிவில் புதிய எண்ணைப் பதிவது. பின்னால் உள்ள இரண்டையும் முன்னால் இழுக்க முடியாது. எனவே உங்கள் கையில் இருக்கும் நேரம் முழுவதையும் முதல் படியில் மிச்சப்படுத்தப் பாருங்கள், அதாவது விண்ணப்பத்தை இன்றிரவே அனுப்பிவிடுங்கள்.

குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தில் தட்கல் போன்ற தனிக் கட்டணப் பிரிவு இல்லை. ஆணையத்தின் இணையத்தளத்தில் உங்கள் சிங்பாஸ் (அரசாங்க மின் அடையாளக் கணக்கு) வழியாக நுழைந்து, பெற்றோர் என்ற முறையில் மகளுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். வழக்கமான நாள்களில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளுக்கு முந்தைய வாரங்களில் அது நீளும். 2022இல் எல்லைகள் திறக்கப்பட்டபோது எல்லாரும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்ததால் ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு வாரம் என்பதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாமல், பயண நாள் நெருங்கும்போதும் நிலவரம் மாறாவிட்டால் விண்ணப்ப எண், விமானச் சீட்டு, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றுடன் ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். இன்னொரு விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அது குழப்பத்தைத்தான் கூட்டும்.

பெரும்பாலான தாமதம் புகைப்படத்தால் வருகிறது. கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக, வெள்ளைப் பின்னணியில், நிழல் விழாமல், முகம் நேராகத் தெரியும்படி இருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையை வீட்டுச் சுவர் ஓரமாக நிறுத்திக் கைப்பேசியில் எடுத்தால், ஒரு பக்கம் நிழலும் இன்னொரு பக்கம் பிள்ளையின் குறும்புச் சிரிப்பும் விழுந்துவிடும். படம் நிராகரிக்கப்பட்டால் மறுபடியும் எடுத்து அனுப்ப வேண்டும். லாவண்டர் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி இதற்கென்றே புகைப்படக் கடைகள் இருக்கின்றன. அங்கே எடுத்து, மின்கோப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தாயாருடையதையும் இதோடு சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். இந்தியாவில் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ் இருந்தால்தான் மின்விசா கிடைக்கும். மிச்சமுள்ள நான்கு மாதம் வீணாகிவிடுமே என்று அம்மா வருந்தத் தேவையில்லை. ஒன்பது மாதம் வரையிலான மிச்சக் காலம் புதிய கடப்பிதழின் பத்தாண்டுடன் கூட்டித் தரப்படும். ஆனால் புதியது வந்ததும் பழையது செல்லாததாகிவிடும் என்பதால், விண்ணப்பித்த பிறகு இடையில் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய்வரும் திட்டம் ஏதும் இருந்தால் அதை நிறுத்திவையுங்கள்.

ஓய்வுபெற்ற முகவர்:

மலர் சொன்ன வரிசை முற்றிலும் சரி. நான் நெடுங்காலம் பயணச் சீட்டுத் தொழிலில் இருந்தவன் என்பதால் சீட்டுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகளின் கடப்பிதழில்தான் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பத்தாண்டுக் கடப்பிதழ் கிடைக்கிறது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இன்னும் ஐந்தாண்டுதான். பெற்றோர் தம்முடைய தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைக்கும் அப்படித்தான் என்று இருந்துவிடுகிறார்கள். போதாததற்கு, 2024 மார்ச் மாதத்திலிருந்து தரைவழிச் சோதனைச்சாவடிகளில் கியூஆர் குறியீட்டைக் காட்டிவிட்டுப் போகிறோம், அதே ஆண்டு சாங்கி விமான நிலையத்திலும் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் முறை வந்துவிட்டது. கடப்பிதழைக் கையில் எடுத்துத் திறந்து பார்க்கும் சந்தர்ப்பமே நம் ஊரில் குறைந்துகொண்டு வருகிறது.

நால்வருக்கும் ஒரே முன்பதிவு என்றீர்கள். அதை உடனே இரண்டாகப் பிரித்துத் தருமாறு விமான நிறுவனத்திடம் கேளுங்கள். மனைவி ஒரு முன்பதிவில் இருக்கட்டும். நீங்களும் தாயாரும் மகளும் இன்னொன்றில் இருங்கள். மணமகனின் அக்காள் திருமணத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டியவர். அவருடைய ஆவணங்களில் குறையில்லை. மகளுக்கு இரண்டு நாள் தாமதமானால் மூவர் சீட்டை மட்டும் மாற்றினால் போதும். ஒரே முன்பதிவாக விட்டுவைத்தால் ஒருவருக்காக நால்வரும் மாற்றுக் கட்டணமும் சீட்டு விலை வித்தியாசமும் கட்டும்படி ஆகிவிடலாம். தேதியை இப்போதே தள்ளிவைக்காதீர்கள். வழக்கமான வேகத்தில் வேலை நடந்தால் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

யீஷூன் குமரன்:

இதே தலைப்பில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன், பொறுத்தருள்க. நான் இந்தியக் குடிமகன், இங்கே நிரந்தரவாசி. என் கடப்பிதழ் காலாவதியாகிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. அப்பா தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருக்கிறார், இந்த வாரமே போக வேண்டும். இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்கினால் உடனே போய்விடலாம் என்று நண்பர் கூறுகிறார். அதையே செய்யலாமா?

ஓய்வுபெற்ற முகவர்:

குமரன் தம்பி, அப்பா நலம்பெற வேண்டுகிறேன். அவசரச் சான்றிதழைப் பற்றி ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டு முடிவெடுங்கள். அது இந்தியாவுக்குள் போவதற்கு மட்டும் உதவும் ஒருவழி ஆவணம். அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குத் திரும்ப முடியாது. ஊருக்குப் போன பிறகு அங்கே புதிய கடப்பிதழுக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பின்தான் விமானம் ஏற இயலும். அங்கே தட்கல் முறை உண்டு என்றாலும், அடையாள ஆவணங்களிலும் முகவரியிலும் பெயர் எழுத்துகளிலும் வேறுபாடு இருந்தால் அதுவும் இழுக்கும். நெடுங்காலம் இங்கேயே வாழ்ந்துவிட்டவர்களுக்கு ஊர் முகவரிச் சான்று அநேகமாகப் பழையதாகவே இருக்கும்.

ஆகவே கிரேஞ்ச் ரோட்டில் உள்ள தூதரகத்தின் தட்கல் பிரிவில் புதிய கடப்பிதழ் கேட்பதையே முதல் முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிவிட்டு, தூதரகம் நியமித்திருக்கும் சேவை நிலையத்தில் முன்பதிவு செய்து நேரில் கொடுக்க வேண்டும். சாதாரண விண்ணப்பத்தில் ஊரிலிருந்து காவல்துறைச் சரிபார்ப்பு வரும்வரை காத்திருக்க நேரலாம். தட்கலில் கடப்பிதழை முதலில் கொடுத்துவிட்டுச் சரிபார்ப்பைப் பின்னர் நடத்துவார்கள். தட்கலில் ஏற்பதா இல்லையா என்பது தூதரகத்தின் முடிவு என்பதால், மருத்துவமனை அளித்த கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் நோயாளியின் பெயரும் உங்கள் பழைய கடப்பிதழில் உள்ள தந்தை பெயரும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்று நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் அப்பாவைப் பார்க்க முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் அவசரச் சான்றிதழைத் தேர்ந்தெடுங்கள். அப்போது திரும்பும் நாள் உங்கள் கையில் இருக்காது என்பதை வேலையிடத்திலும் சொல்லிவைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

அட்மிரல்ட்டி மலர்:

முகவர் ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும், புறப்படும் முன் உங்கள் மறுநுழைவு அனுமதி செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். நிரந்தரவாசி என்ற தகுதியுடன் திரும்பி வருவதற்கு அதுதான் ஆதாரம், கடப்பிதழ் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. புதிய கடப்பிதழ் வந்ததும் அதன் விவரங்களை ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிந்துவிடுங்கள்.

இதை வாசிக்கும் வேலை அனுமதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அனுமதி எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதே கடப்பிதழின் செல்லுபடிக் காலத்தையும் பொறுத்தது. ஆகையால் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், முன்கூட்டியே புதுப்பித்து, புது எண்ணை மனிதவள அமைச்சில் பதியும்படி முதலாளியிடம் கேளுங்கள்.

செங்காங்வாசி:

மலர், முகவர் ஐயா இருவருக்கும் நன்றி. மகள், தாயார் இருவரின் விண்ணப்பங்களும் போய்விட்டன, முன்பதிவையும் பிரித்துத் தருவதாக விமான நிறுவனம் ஒப்புக்கொண்டது. குமரன், உங்கள் அப்பா விரைவில் குணமடைய வேண்டுகிறோம்.

இன்னும் ஒரு சந்தேகம். மகளின் கடப்பிதழில் அவள் பெயரும் என் பெயரும் ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) என்ற குறியுடன் ஒரே வரியில் உள்ளன. மின்விசா விண்ணப்பமோ குடும்பப் பெயரையும் இயற்பெயரையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்கிறது. விமானச் சீட்டில் சாய்கோடு இல்லாமல் எழுத்துகள் சேர்ந்து நிற்கின்றன. இதனால் விமான நிலையத்தில் தடை வருமா?

ஓய்வுபெற்ற முகவர்:

சீட்டில் சாய்கோடு இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விமான முன்பதிவுக் கணினிகள் அந்தக் குறியை ஏற்பதில்லை என்பது சாங்கியில் எல்லாருக்கும் தெரியும். மின்விசாவில்தான் கவனம் வேண்டும். புதிய கடப்பிதழ் வந்ததும் அதன் விவரப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அதையே பின்பற்றி நிரப்புங்கள். ஓர் எழுத்தைக்கூட விடவோ தந்தை பெயரைச் சுருக்கவோ வேண்டாம். பிறந்த தேதியையும் கடப்பிதழ் எண்ணையும் இன்னொருவர் வாசித்துச் சரிபார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள். பிள்ளைக்கும் தனி மின்விசா வேண்டும், உங்களுடையதில் சேர்க்க முடியாது. தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் பல தரகர்களுடையவை. ‘கவ் டாட் இன்’ என்று முடியும் இந்திய அரசுத் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது நான்கு நாளுக்கு முன்பாவது அனுப்பிவிடுங்கள். மின்விசாவுடன் இறங்க அனுமதியுள்ள விமான நிலையங்களில் திருச்சியும் ஒன்று என்பதால் சென்னை வழியாகச் சுற்றத் தேவையில்லை.

அட்மிரல்ட்டி மலர்:

திருமணம் முடிந்து வந்ததும் மகளுக்கு இந்திய வெளிநாட்டுக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிப்பதைப் பற்றி யோசியுங்கள், அண்ணா. தாய் இந்தியக் குடிமகள் என்பதால் அவளுக்குத் தகுதி உண்டு. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் விசா எடுக்க வேண்டியதில்லை. இருபது வயது வரை கடப்பிதழ் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் புதிய கடப்பிதழின் நகலையும் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றினால் போதும், அது முடியும்வரை பயணத்துக்குத் தடையும் இல்லை. இந்தப் பயணத்துக்கு அது சரிவராது, அட்டை கிடைக்க வாரக் கணக்கில் ஆகும். இப்போதைக்கு மின்விசாவே வழி.

யீஷூன் குமரன்:

சேவை நிலையத்தில் நாளைக் காலைக்கு முன்பதிவு கிடைத்திருக்கிறது. மருத்துவமனைக் கடிதத்தை அண்ணன் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். அதில் அப்பாவின் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் இருந்தது; முகவர் ஐயா சொன்னதால் கவனித்தேன். முழுப்பெயருடன் திருத்திய கடிதத்தை இன்று மாலைக்குள் தருவதாக மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள்.