வேலையும் பஸ்ஸுமா ஓடுது, வெயிட் குறைக்கிறத எப்புடி விடாம புடிக்கிறது?

கொட்டகலையில இருந்து டெய்லி ஹட்டனுக்கு கடை வேலைக்கு போறேன், வீட்டுக்கு வர ராத்திரி 7 ஆயிரும், ரெண்டு கெழம டயட் ஒழுங்கா போகும் அப்புறம் மழை, கல்யாணம், கடையில ஸ்டாக் எடுக்குறதுன்னு எல்லாம் கவுந்துரும். உங்களுக்கெல்லாம் எப்புடி செட் ஆச்சி?

மலைக்காத்து:
தங்கச்சி, மொதல்ல டீய பாருங்க. நம்மாளுங்க சோத்ததான் குத்தம் சொல்லுவாங்க, டீய யாரும் எண்ணுறதில்ல. ஒரு டீக்கு ரெண்டு தேக்கரண்டி சீனின்னா 5 டீக்கு 40 கிராம் வந்துருது, உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லம்னு சொல்லுது. ஒரேடியா நிப்பாட்டாதீங்க, அரை அரை கரண்டியா குறைங்க, நாக்கு பழகிரும்.

லீக்ஸ்காரன்:
ராத்திரி சாப்பாட்ட மட்டும் விட்டுறாதீங்க, பசியில 10 மணிக்கு பிஸ்கட் பக்கெட்டே காலியாகும் (எங்க வீட்டுல நடக்குற கதை). ரொட்டி ஒன்னு போதும், கூட பருப்பு, போஞ்சி, வல்லாரை சம்பல்னு தட்ட நெறச்சிக்கங்க. ஞாயித்துக்கெழம காய்கறிய வெட்டி டப்பாவுல போட்டு வச்சா வேல நாள்ல சமைக்க அலுப்பா இருக்காது.

சுமதிஅக்கா:
நடைக்கு தனியா நேரம் தேடாதீங்கம்மா, ரெண்டு பஸ் ஹோல்ட்டுக்கு முன்னாடி எறங்கி ஏத்தத்துல நடங்க, வாரத்துக்கு 150 நிமிஷம் சேந்தா போதும். இருட்டிருச்சின்னா வேணாம், காலையில போங்க. வயசு 35 தாண்டிருந்தா கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்ல பிரஷர், சுகர் காசில்லாமயே பாப்பாங்க.