கலைச்சொல்: ஃபோர்க்லிஃப்டுக்கு ‘தினசரி ஆய்வு’ சரிதானா?

வணக்கம்.

முன்னால் நீட்டிய இரும்புக் கவைகளால் சரக்குத் தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்டுக்குக் ‘கவைத்தூக்கி’ என்றும், ஓட்டுநர் அதை நாள்தோறும் சோதிப்பதற்குத் ‘தினசரி ஆய்வு’ என்றும் சொல்கிறோம். ‘கவைத்தூக்கி’யில் எனக்குத் தகராறு இல்லை. ‘பாரந்தூக்கி’ என்றால் கிரேனோடு குழம்பும்; கவை என்றதும் கவட்டைக்கம்பு கண்ணில் வந்துவிடுகிறது. ஓட்டுகிறவர்கள் எப்படியும் ஃபோர்க்லிஃப்ட் என்றுதான் சொல்லப்போகிறார்கள், அது வேறு கதை. எனக்கு இடிப்பது ‘தினசரி ஆய்வு’.

மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டியாபீஸில் (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலை) கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். மூட்டை அடுக்க ஒரு டீசல் வண்டி. அதற்கு ‘தினசரி ஆய்வுப் படிவம்’ என்று தலைப்புப் போட்டு அச்சடித்தது நான்தான். ஒருநாள் சாயங்காலம், வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், ஓட்டுநர் தம்பி அதில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். “ஆய்வுன்னா ஆபீசர் வந்து செய்யதுல்லா அண்ணே. இதுல தினசரின்னுதான போட்டிருக்கு, அன்னைக்குள்ள எழுதினா போதும்லா” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. படிவத்தில்தான் பிழை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கு இயந்திரங்களைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றது. ‘ஆய்வு’ அதற்குப் பொருந்தும். ஓட்டுநர் காலையில் செய்வது வேறு. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியும் நாளுக்கு ஒருமுறையாவது, வேலைக்கு இறக்கும் முன் பார்க்கச் சொல்கிறது. இரவு பகலாக ஓடும் வண்டியென்றால் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும். ஒரு ஷிஃப்டின் முடிவு என்பது அடுத்ததன் தொடக்கத்துக்கு முன்தானே? ஆக, சொல்லில் ‘முன்’ இருக்க வேண்டும். ‘தினசரி’ இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

முன் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் தரையே சாட்சி. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். வண்டிக்கு அடியில் ஈரம் கிடந்தால் ‘மழை ஒழுகியிருக்கும்’ என்று தாண்டிப் போய்விடுவோம். இப்போது அந்தத் தம்பி ஓர் அட்டைத் துண்டை ஈரத்தில் ஒற்றி எடுக்கிறார். காய்ந்தால் தண்ணீர், கறை நின்றால் எண்ணெய். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்தான் இது தெரியும். ஓட்டிவிட்டால் எது எங்கே சொட்டியது என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் கவையில் விரிசல், டயர், கவையை ஏற்றி இறக்கும் இரண்டு சங்கிலியும் ஒரே இறுக்கமா என்று (குச்சியால் அழுத்தி, விரலால் அல்ல). இவ்வளவும் ‘நிறுத்திப் பார்ப்பது’. பிரேக், ஹாரன், ஸ்டியரிங், ஏற்றி இறக்கிச் சாய்ப்பது எல்லாம் ‘ஓட்டிப் பார்ப்பது’. இந்த இரண்டுக்கும் புதுச்சொல் தேடவே வேண்டாம்.

மொத்தத்துக்கு என்ன பெயர்? ‘நோட்டம்’ யோசித்தேன், திருடன் விடும் நோட்டம் குறுக்கே வருகிறது. “வண்டிய பாத்து எடு” என்று தினமும் சொல்கிறோமே, அதிலிருந்து ‘பார்த்தெடுப்பு’ என்று வைத்துச் சந்தோஷப்பட்டேன். பருப்புத் தரம் பிரிக்கும் அக்காமார் “அது நாங்க செய்யதுல்லா” என்று சிரித்துவிட்டார்கள். சரி, போகட்டும்.

எனவே என் பரிந்துரை: எடுக்குமுன் சரிபார்ப்பு. நீளம்தான். ஆனாலும் புதிய படிவத்தில் இதையே போட்டு, பக்கத்தில் நேரம் எழுத ஒரு கட்டமும் வைத்துவிட்டேன்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. கவை எல் வடிவில் வளையும் இடம்தான் அதிகம் தேய்வது. அங்கே தடிமன் 10 விழுக்காடு குறைந்தால் மாற்றிவிட வேண்டும். ஆங்கிலத்தில் அதைக் குதிகால் என்கிறார்கள். எனக்கு ‘மடக்கு’ என்று தோன்றுகிறது. கொல்லுப்பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்களேன்.