நின்றால் மட்டும் வெப்பக்காற்று வீசும் கார் ஏசி

கேள்வி (குளச்சல்):
ஆரல்வாய்மொழி சாலையில் ஓடும்போது நன்றாகக் குளிரும் என் காரின் ஏசி, வடசேரி நெரிசலில் நின்றவுடன் வெப்பக்காற்றை வீசுகிறது. சென்ற மாதம்தான் கேஸ் நிரப்பினேன்; மீண்டும் நிரப்ப வேண்டுமா?

மறுமொழி (தக்கலை):
இப்போது வேண்டாம், ஐயா. ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரை (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பாகம்) குளிர்விக்கிறது. நிற்கும்போது அதன் விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல் விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் (விசிறிக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), பிறகு மோட்டாரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி (முட்டம்):
கண்டென்சரையும் பாருங்கள். உப்புக்காற்றில் நின்ற என் வண்டியில் அதன் அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தன. எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே கேஸ் கசிவு இருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
விசிறி அசையவே இல்லை. ரிலேயை மாற்றியதும் சுழன்றது, நின்றாலும் குளிர்கிறது. நன்றி.