பெரிய தமிழ்க் கோப்பைப் பதிவேற்றும்போது ஜாங்கோவில் பிழை வருவது ஏன்?

வினா (களுவாஞ்சிகுடி):
எங்கள் ஊர் நூலகத்தின் நூற்பட்டியலைப் பதிவேற்றித் தேடுவதற்கான தளமொன்றை, பைதன் மொழியில் இணையத்தளம் அமைக்க உதவும் ஜாங்கோவில் அமைத்து வருகிறேன். சிறிய கோப்புகள் ஏறுகின்றன. பெரிய பட்டியலைத் துண்டு துண்டாக வாசித்து யூடிஎஃப்-8 என்னும் ஒருங்குறிக் குறியாக்கப்படி எழுத்தாக மாற்றுகையில் மட்டும் பைதன் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அதே கோப்பு நோட்பேடில் ஒழுங்காகத் திறக்கிறது. எக்செலில் சேமித்த சில கோப்புகளில் முதல் நிரலின் தலைப்பும் பொருந்துவதில்லை. படிவத்தில் தட்டச்சு செய்யும் தமிழுக்கு எந்தக் குறையும் இல்லை.

பதில் (மட்டக்களப்பு நகர்):
படிவத்தில் வருவதை ஜாங்கோவே எழுத்தாக்கித் தருகிறது. கோப்பின் உள்ளடக்கத்தையோ வெறும் பைட்டுகளாகவே உங்களிடம் ஒப்படைக்கிறது. இயல்பான அமைப்பில் 2.5 மெகாபைட் வரையான கோப்பு நினைவகத்திலிருந்து ஒரே துண்டாகக் கிடைக்கும். அதைத் தாண்டினால் தற்காலிகக் கோப்பாக எழுதப்பட்டு 65,536 பைட்டுத் துண்டுகளாக வரும். யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு என்பதால், துண்டின் எல்லை ஒரு குறியீட்டின் நடுவே விழுந்தால் இரு பக்கமும் தனித்தனியே செல்லாதவையாகிவிடும். சிறிய கோப்புகள் தப்பியதன் காரணம் இதுதான். துண்டுகளைத் தனியே மாற்றாமல், கோப்பு முழுவதையும் பைட்டுகளை எழுத்தாக்கித் தரும் பைதனின் 'டெக்ஸ்ட் ஐஓ ராப்பர்' வழியாக வரிவரியாக வாசியுங்கள். குறியாக்கத்தை 'யூடிஎஃப்-8-சிக்' எனக் குறித்தால், எக்செல் கோப்பின் தொடக்கத்தில் இடும் 3 பைட்டு அடையாளமும் நீங்கித் தலைப்புப் பொருந்தும்.

பதில் (அக்கரைப்பற்று):
பழைய பட்டியல்கள் பாமினி என்னும் ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையா என்றும் பாருங்கள். பாமினிக் கோப்பில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே. தமிழ் உருவத்தை எழுத்துரு மட்டுமே தருகிறது. ஆகவே அது பிழையேதும் காட்டாமல் ஏறிவிடும், தேடினால் ஒரு நூலும் அகப்படாது. அதற்குக் குறியாக்க மாற்றம் உதவாது. எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை வேண்டும். பாமினியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னே வரும், ஒருங்குறியில் பின்னே வரும் என்பதால், நீளமான எழுத்துத் தொடர்களையே முதலில் மாற்ற வேண்டும்.

வினவியவர்:
இரண்டும் இருக்கின்றன, மிக்க நன்றி. மாற்ற முடியாத பைட்டுகளைப் புறக்கணிக்கும்படி அமைத்துவிடலாமா?

பதில் (மட்டக்களப்பு நகர்):
வேண்டாம். நூலின் பெயரில் ஓரெழுத்து சத்தமின்றி மறைந்தால் பின்னர் எவராலும் கண்டுபிடிக்க இயலாது. கோப்பை ஏற்காமல், பிழையுள்ள வரியின் எண்ணைப் பதிவேற்றியவருக்குக் காட்டுங்கள். நூலகரே மூலப் பட்டியலைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்.