சாட்ஸ்வொர்த்: பிளவுபட்ட தொண்டர் குழுவை மீண்டும் சேர்க்க வழி கேட்கிறேன்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வார்டின் கட்சித் தொண்டர் குழு இரண்டாக உடைந்து நிற்கிறது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்குகிறது. வீடு வீடாகப் போக ஆள் இல்லை.

கிளைக் கூட்டத்தில் வார்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த அன்றே சண்டை தொடங்கியது. மூன்று வாரமாகிறது. 22 பேரில் 9 பேர்தான் வருகிறார்கள். தோற்றவர் சுயேச்சையாக நிற்கப் போகிறாராம். மாநகராட்சியில் நமக்கு இரண்டு வாக்குச்சீட்டு அல்லவா, வார்டுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று? "கட்சிச் சீட்டில் கட்சிக்கு, வார்டுச் சீட்டில் அவருக்கு" என்கிறார்கள் பிரிந்தவர்கள். அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021 தேர்தலில் மழையில் நனைந்தபடி என்னோடு தெருத்தெருவாக நடந்தவர்கள்.

தனித்தனியாகப் பேசிப் பார்த்தேன். இரு தரப்பையும் வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தேன்; பேச்சு தடித்து, கோப்பைகள் தொடாமலே ஆறிப்போயின. தெருக்களைப் பிரித்துக் கொடுத்தும் பயனில்லை. முதியவர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துப்போக எழுதிவைத்த முகவரி நோட்டு அவர்களிடம், கார் எங்களிடம். மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

வேட்பாளர் தேர்வால் பிளந்த குழுவை, யாரையும் வெளியேற்றாமல் மீண்டும் ஒன்றாக உட்காரவைத்தவர்கள் இங்கே இருந்தால், முதலில் என்ன செய்தீர்கள்?