“புரிகிறது ஐயா” என்று சொல்லிவிட்டேன், ஆனால் புரியவில்லை

கேள்வி: மேல்நிலை முதலாமாண்டு மாணவி

வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு, தமிழ்வழியில், முதல் குரூப் படிக்கிறேன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 94 மதிப்பெண் பெற்றேன். பாடங்களின் பின்பக்க வினாக்களையும் பழைய வினாத்தாள்களையும் மனப்பாடம் செய்தே அதைப் பெற்றேன் என்று இப்போதுதான் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது.

சென்ற வாரம் இயற்பியல் தேர்வில் ஒரு கணக்கு வந்தது. 50 கிலோ நிறையுள்ள ஒருவர் மின்தூக்கியில் மேலே செல்கிறார். அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 2 மீட்டர் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. அவருடைய தோற்ற எடை, அதாவது மின்தூக்கிக்குள் அவர் உணரும் எடை, என்ன? “மேலே” என்ற சொல்லைப் பார்த்ததும், புவியீர்ப்பு முடுக்கமான 10 உடன் 2-ஐக் கூட்டி, நிறையால் பெருக்கி, 600 நியூட்டன் என்று எழுதிவிட்டேன். கூட்டாமல் கழித்திருக்க வேண்டும்; விடை 400. எங்கள் வகுப்பில் 46 பேரில் மூன்று பேர்தான் சரியாக எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஆசிரியர் இதைச் சொல்லித்தராமல் விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. மின்தூக்கி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காதீர்கள், முடுக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள் என்று இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அவர் பலகையில் வரைந்து காட்டினார். முடித்துவிட்டு “புரிகிறதா?” என்று கேட்டார். “புரிகிறது ஐயா” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. அதில் என் குரலும் இருந்தது. வருகைப் பதிவின்போது “உள்ளேன் ஐயா” என்று சொல்வதற்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகிய குரல் அது. யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிடுகிறது.

கையைத் தூக்கினால் 45 தலைகள் திரும்புகின்றன. மணி அடிக்கப் போகும் நேரம் என்றால் பின்வரிசையிலிருந்து முணுமுணுப்பும் வரும். இதைத் தாண்டி எப்படிக் கேட்பது? அதைவிட, எனக்குப் புரியவில்லை என்பதைத் தேர்வுக்கு முன்பே நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பொறியியல் இரண்டாமாண்டு

தங்கையே, நானும் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வந்தவன். இங்கே ஆங்கிலத்தில் அதே கூட்டுக்குரல் ஒலிக்கிறது. ஆகவே இது உங்கள் பள்ளிக்கு மட்டும் உரிய நோய் அன்று.

“புரியவில்லை” என்று சொல்வதுதான் கடினம். அப்படிச் சொன்னால் ஆசிரியர் முழுப் பாடத்தையும் திரும்ப நடத்த வேண்டும், மற்றவர்களும் சலித்துக்கொள்வார்கள். “மேலே போகும்போது முடுக்கம் எப்படிக் கீழ்நோக்கி இருக்க முடியும்?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

பதில்: பன்னிரண்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சு

மன்னிக்கவும், நான் உடன்படவில்லை. இயற்பியல் எழுத்துத்தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. அதில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். மற்றவை இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண்களுக்கு, தெரிந்ததைத் தேர்ந்தெடுத்து எழுதும்படி வருகின்றன. சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு, அடுத்தடுத்து திருப்புதல் தேர்வு, இடையில் ரெக்கார்டு நோட்டு என்று இருக்கும்போது ஒவ்வொன்றையும் புரிந்துகொண்டுதான் எழுதுவேன் என்று உட்கார்ந்தால் பாடம் முடியாது. உங்களுக்காவது 2025-26 முதல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லை. நான் மனப்பாடம் செய்கிறேன், அதற்காக வெட்கப்படவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கடைசி பெஞ்சுத் தம்பி சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடம் கேட்கும் முறையை வகுத்தபோது, பாடம் போற்றுவதையும் கேட்டதை நினைப்பதையும் சேர்த்தே சொன்னார். ஆனால் அதே வரிசையில் வினாவுதலும், பிறர் வினாவியதற்கு விடை சொல்லுதலும் இருக்கின்றன. நாம் முதற்பாதியை மட்டும் பள்ளிக்குள் வைத்துக்கொண்டோம்.

அங்கே ஒரு கணக்கும் உண்டு. ஆசிரியர் சொன்னதை மாணவன் நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் கால்பங்குதான் அவனிடம் சேரும்; உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால்; எஞ்சிய பாதி, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வரும். அம்மா, நீங்கள் அந்த முதற்காலோடு நின்றுவிட்டு முழுமையை எதிர்பார்த்திருக்கிறீர்கள்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகள் “புரிகிறதா?” என்று நானும் கேட்டேன். உண்மையில் அது கேள்வியே அன்று. பாடம் முடிந்தது என்பதை அறிவிக்கும் என் வழக்கம். “இல்லை” என்று யாராவது சொல்லியிருந்தால் எரிச்சல்தான் பட்டிருப்பேன்.

மறுமொழி: மேல்நிலை முதலாமாண்டு மாணவி

ஐயாவுக்கும் இரு அண்ணன்களுக்கும் நன்றி. வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, புங்கமரத்தடியில் என் தோழிக்கு மின்தூக்கிக் கணக்கைச் சொல்லித்தரத் தொடங்கினேன். மேலே போய்க்கொண்டே வேகம் குறைவதை விளக்கிவிட்டேன். கீழே இறங்கும்போது வேகம் குறைந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டதும் வாயடைத்து நின்றேன். அவள் இதுவரை மின்தூக்கியில் ஏறியதே இல்லை. நான் ஒருமுறை, பாட்டியைப் பார்க்க மாவட்ட மருத்துவமனைக்குப் போனபோது ஏறியிருக்கிறேன். இறங்கி நிற்கும் நேரத்தில் முழங்கால் கனத்தது நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் முடுக்கம் மேல்நோக்கி, விடை 600. தேர்வில் நான் எழுதிய அதே எண், வேறு கேள்விக்கு!

மறுநாள் வகுப்பில், அண்ணன் சொன்னபடி அந்த ஒரு வரியை மட்டும் கேட்டேன். தலைகள் திரும்பத்தான் செய்தன. ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை, “இதே ஐயம் வேறு யாருக்கு?” என்று கேட்டார். பதினொரு கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று, அந்தக் கணக்கைச் சரியாக எழுதியிருந்த மூவரில் ஒருத்தியுடையது.

வேதியியல் வகுப்பில் இன்னும் கேட்கவில்லை.